பிரிண்டர்காரர் ஊடு

இன்று காலை என் மேசை மேல் ஒரு பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு முழம் தள்ளி நான். நடுவில் ஒரு டீ டம்ளர், அவ்வளவுதான் தூரம். ஆனாலும் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது தெரியுமா? பிரிண்டரைக் காணவில்லையாம். தேடிக்கொண்டிருக்கிறதாம். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றுகிறது. விரலை நீட்டி, 'இதோ இருக்கிறதே' என்று காட்டிக்கூடப் பார்த்துவிட்டேன்.

கோவையில் படிக்கும் மகள் பார்த்துச் சொல்லி வாங்கிய பிரிண்டர் இது. ஒயரே வேண்டாம், காற்றிலேயே வேலை செய்யும் என்றாள். கொல்லிமலையில் காற்றுக்கு என்ன குறைச்சல் என்று நானும் தலையாட்டிவிட்டேன். இப்போது போனில் கூப்பிட்டால், "அப்பா, ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்கிறாள். பெற்ற மகளின் வாயால் இதைக் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை. இதே வைத்தியத்தை ஒரு காலத்தில் ஊருக்கே சொன்னவன் நான்.

அப்படி என்ன அவசரமாக அச்செடுக்க வேண்டியிருக்கிறது என்று கேட்பீர்கள். ஓர் ஆபீஸில் அப்பா பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட வேண்டும். எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன், எந்த ஆபீஸாக இருந்தாலும் கதை இதுதான். எல்லாமே ஆன்லைன், அலையவே வேண்டாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், விண்ணப்பத்தை இறக்கி, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, மறுபடி இதே பக்கத்தில் ஏற்றவும் என்றும் போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் இருப்பதைக் காகிதத்துக்குக் கொண்டுவந்து, காகிதத்தில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இதைக் கண்டுபிடித்த மகராசன் யாரென்று தெரிந்தால் ஒரு தார் மலைவாழை கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்துவிட்டு வருவேன்.

கோபத்தில் பிரிண்டரின் மூடியைத் திறந்தேன். இங்க்கும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. எந்தக் கம்பெனி செய்தாலும் பிரிண்டரின் வயிற்றுக்குள் வாசனை ஒன்றுதான். அந்த வாசனை என்னைப் பதினான்கு வருஷம் பின்னால் கொண்டுபோய்த் தள்ளிவிட்டது. வட்டம் சுற்றி முடிகிற வரை எனக்கும் வேறு வேலையில்லை, உட்காருங்கள், சொல்கிறேன்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர். அப்போது எங்கள் தேவனூர் நாட்டிலேயே வீட்டில் பிரிண்டர் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். சேந்தமங்கலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, ஓர் ஆபீஸில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தட்டச்சு செய்வதும் கட்டம் போட்டுக் கணக்கு நிரப்புவதும்தான் வேலை. அதற்கே ஊரில் என்னைப் பார்த்த பார்வை வேறு. அந்தப் பார்வை பத்தாமல், கம்ப்யூட்டரோடு ஒரு பிரிண்டரையும் சேலத்தில் வாங்கி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தேன். காரவள்ளி தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் பஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் சாய, நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தேன். "உள்ள என்னங்க, சேவலா?" என்று கேட்டார் கண்டக்டர். பிரிண்டர் என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். சேவல் என்றே சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சந்தனம், குங்குமம், சூடம் எல்லாம் ஆயிற்று. முதலில் சோதனைப் பக்கம் என்று ஒன்று வரும், பார்த்திருப்பீர்கள். நாலு கலரில் பட்டை பட்டையாக, யாருக்கும் உபயோகமில்லாத ஒரு தாள். அதை எங்கள் சித்தப்பா கேட்டு வாங்கிக்கொண்டு போய், வீட்டுச் சுவரில் மாமியார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். வந்தவர்களிடமெல்லாம், "நம்ம பையன் அடிச்சது" என்று காட்டுவார். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மரியாதையை நான் அதற்கப்புறம் வாங்கியதே இல்லை.

பிறகென்ன, பட்டா, சிட்டா, ரேஷன் கார்டு நகல், காதுகுத்துப் பத்திரிகை என்று ஒவ்வொன்றுக்கும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கை வீசிக்கொண்டு ஒருவரும் வரமாட்டார்கள். மிளகு, பலாப்பழம், ஒரு படி சாமை என்று எதையாவது கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒரு பேப்பர் எடுக்கோணுமுங்க" என்று நிற்பார்கள். நான் உடனே எழுந்துவிட மாட்டேன். டீயைக் குடித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ரெண்டு நிமிஷம்" என்பேன். டவுனில் டாக்டர்கள் செய்வதைப் பார்த்திருந்தேன். என் வீட்டுக்குப் பிரிண்டர்காரர் ஊடு என்று பெயர் விழுந்தது. வெளியே சிரித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

பூங்கொடி எங்கள் வீட்டுக்குக் கீழே, சரிவில் மூன்றாவது வீடு. அப்பா சின்னராசுவுக்குக் கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் மிளகுக் கொடி. அம்மா இல்லை. பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கி, நர்சிங் படிக்க எழுதிப் போட்டிருந்தாள். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அதிலும் ஒரு பெருமை. ஒரு நாள் சாயங்காலம் போனுக்குச் செய்தி வந்தது, நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்று. கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் நேரில் வர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கடிதத்தை மேலே பாறையில் சிக்னல் பிடித்து என் போனில் இறக்கி, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டருக்கு மாற்றி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போனால் அது தனக்கு இஷ்டமானபோதுதான் வரும். "காத்தால வாங்க, எடுத்துக்கலாம்" என்று அனுப்பி வைத்தேன்.

காலை ஏழு மணிக்கு அப்பாவும் மகளும் வந்து நின்றார்கள். கரண்டும் வந்திருந்தது. அவள் புதுச் சுடிதார் போட்டிருந்தாள். சின்னராசு சலவை வேட்டி கட்டி, கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். சர்ட்டிபிகேட்டெல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்ளே இருந்தது. கூடவே, கல்லூரியில் இருக்கும் மேடத்துக்குக் கொடுக்க ஒரு சீப்பு வாழைப்பழம். எட்டரைக்கு பஸ். அதை விட்டால் அடுத்தது பதினொன்றுக்குத்தான். அதில் போனால் பன்னிரண்டு மணிக்கு எங்காவது ஒரு கொண்டை ஊசியில் திரும்பிக்கொண்டிருக்கலாம்.

வீட்டுக்குள் நொச்சி வாசனை லேசாக அடித்தது. என் மனைவி மல்லிகா காலையிலேயே மிளகு பறிக்கக் காட்டுக்குப் போயிருந்தாள். யாரோ சளிக்கு ஆவி பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பிரிண்டரைப் போட்டேன். கடிதத்தைத் திறந்து, அச்சிடு என்று அமுக்கினேன். பிரிண்டர் ஒருமுறை கனைத்தது, தாளை அரை அங்குலம் இழுத்தது, நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு மின்னியது. பேப்பர் ஜாம் என்று திரையில் வந்தது, அதாவது உள்ளே தாள் சிக்கியிருக்கிறதாம். மூன்று நாளாக அதில் தாளே வைக்கவில்லை, அப்புறம் எது சிக்கும்?

"ரெண்டு நிமிஷம்" என்றேன்.

ஆஃப் செய்து ஆன் செய்தேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை அச்சிடு என்று அமுக்கினேன். அது ஒவ்வொரு முறையும் கனைத்தது. பனியில் தாள் ஈரமாகிவிட்டது, அதுதான் காரணம் என்று அறிவித்தேன். உடனே பூங்கொடி பத்துத் தாளை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், அப்பளம் வாட்டுவதைப் போலத் திருப்பித் திருப்பி வாட்டிக்கொண்டு வந்தாள். தாளெல்லாம் காய்ந்து சுருண்டு, புகை வாசனையோடு வந்தன. அதிலும் ஒன்றை வைத்து அமுக்கினேன். கனைப்பு மட்டும் பலமாக வந்தது.

"அண்ணா, உள்ளுக்குள்ள எதாச்சும் மாட்டியிருக்குதுங்களா? பின்னால மூடியத் தொறந்து பாக்கலாமுங்களா?" என்றாள்.

"தொறந்து பாக்க இது என்ன சாமை கொட்டி வெக்கற குதிரா? மெசின் கண்ணு, கண்டபடி தொறக்கக் கூடாது."

உண்மையைச் சொல்கிறேன். பின்னால் ஒரு மூடி இருப்பது எனக்குத் தெரியும். ஆறு மாதப் படிப்பில் அதைத் திறக்கச் சொல்லித்தரவில்லை. திறந்து, மூடத் தெரியாமல் முழித்தால், சிவப்பு விளக்கை விட என் முகம் அதிகமாக மின்னும். அப்பாவும் மகளும் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்த ஆபத்தில் இறங்க எனக்குத் தைரியமில்லை.

சேந்தமங்கலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த முருகேசனைக் கேட்கலாம் என்று தோன்றியது. என்னோடு படித்தவன், ஆனால் அவனுக்குப் பிரிண்டரைக் கழற்றி மாட்டவே தெரியும். எங்கள் வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடையாது, மேலே பாறைக்கு ஏற வேண்டும். ஏறினேன். அவன் ஒன்று சொல்வான், நான் இறங்கிவந்து அதைச் செய்து பார்த்துவிட்டு, மறுபடி ஏறிப் போய், ஆகவில்லை என்பேன். மூன்று தடவை ஏறி இறங்கினேன். மூன்றாவது தடவை அவன் கேட்டான்.

"ஏனப்பா, பேப்பர் ஜாம்னுதான வருது? பின்னாடி மூடியத் தொறந்து பாத்தியா, இல்லியா?"

"பாத்துட்டன். ஒண்ணுமில்ல" என்றேன்.

பாருங்கள், பாறை மேல் நானும் காற்றும்தான். என்னை யாரும் பார்க்கவில்லை. அப்போதும் அந்தப் பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. அவன், அப்படியானால் போர்டு போயிருக்கும், கீழே கொண்டுவா என்றான்.

இறங்கி வந்தபோது ஏழே முக்கால். பூங்கொடி வாசலுக்கே வந்து நின்றாள்.

"அண்ணா, பென் டிரைவுல ஏத்திக் குடுத்தீங்கன்னா, சேந்தமங்கலத்துல எறங்கி எடுத்துக்கிறனுங்க. அங்கிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸு வந்துட்டே இருக்கும்."

இதை விடச் சரியான யோசனை அன்று அந்த மலையில் யாருக்கும் வந்திருக்காது. பென் டிரைவ் என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் முருகேசன் கடையில் அவள் போய் நின்று, பிரிண்டர்காரர் வீட்டில் ஆகவில்லை என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன்.

"இங்க ஊட்டுல வெச்சுக்கிட்டு அங்க எதுக்குப் போயி எடுக்கோணும்? ரெண்டு நிமிஷம் இருங்க. பஸ்ஸு என்ன பறந்தா போயிரும்?"

சின்னராசு மகளைப் பார்த்து, "அவரு சொன்னாச் சரியா இருக்கும் சாமி" என்றார். அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். தான் கடிகாரத்தைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று, என் பக்கமும் பார்க்காமல், கடிகாரத்தையும் பார்க்காமல் மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் இங்க் பெட்டியைக் கழற்றிக் குலுக்கினேன். சாப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். அது ஏறுவதற்கு இருபது நிமிஷம் பிடித்தது. கம்பெனிக்காரனைத் திட்டினேன், கரண்டைத் திட்டினேன், பனியைத் திட்டினேன். என்னைத் தவிர எல்லோரையும் திட்டி முடித்தபோது, கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போனதை மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம்.

பிரிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நான் முழித்தபோது மல்லிகா கூடையோடு உள்ளே வந்தாள். என்னையும் பிரிண்டரையும் பார்த்தாள்.

"ஏனுங்க, நான் வெச்ச நொச்சித் தழைய எடுத்துட்டீங்களா?"

"எந்தத் தழை?"

"இதுக்குள்ள எறும்பும் பூச்சியும் ஓடுதுன்னு அன்னைக்குச் சத்தம் போட்டீங்கல்ல? அதான் முந்தாநாளு நாலு கொத்து உள்ள போட்டு வெச்சன். சாமை மூட்டைக்கு வெக்கறதில்லீங்களா?"

எங்கள் மலையில் தானிய மூட்டைக்குள் நொச்சி இல்லாமல் இருக்காது. வண்டு அண்டாது. தானியத்துக்கு ஆகும் வைத்தியம் பிரிண்டருக்கும் ஆகும் என்று நினைத்தாள். தாள் வைக்கும் மேல்வாய் வழியாகத் தழை உருளைக்குள் இறங்கியிருக்கிறது. மூக்கில் வாசனை ஏறியும் எனக்கு உறைக்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவள் தெரியாமல் வைத்தாள், நான் தெரிந்தே திறக்காமல் இருந்தேன்.

பூங்கொடிதான் பின்மூடியைத் திறந்தாள். லேசாக ஒரு அமுக்கு, அவ்வளவுதான், திறந்துகொண்டது. நசுங்கிய தழையை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுவிட்டு மூடினாள். மூடுவதற்கும் ஒரு அமுக்குதான். நிமிர்த்தி வைத்துத் தாள் கட்டைச் சொருகியதும் பிரிண்டர் கனைக்காமல் ஓட ஆரம்பித்தது. ஒரு கடிதம் வந்தது. நின்றுவிடும் என்று பார்த்தால் இன்னொன்று வந்தது. காலையிலிருந்து நான் அமுக்கிய அமுக்கெல்லாம் உள்ளே வரிசை கட்டி நின்றிருக்கிறது. பதினான்கு கடிதங்கள். ஒவ்வொன்றிலும் பூங்கொடியின் பெயர், ஒவ்வொன்றிலும் பகல் பன்னிரண்டு மணி. நிறுத்தத் தெரியாமல் நான் நின்றேன். சின்னராசு குனிந்து, ஒவ்வொரு தாளையும் விழுவதற்கு முன் பிடித்து அடுக்கினார். மகளின் பெயர் போட்ட தாள், தரையில் படக் கூடாதாம்.

மரவள்ளி லாரி ஒன்றில் ஏறிப் போனார்கள். கிழங்கு ஏற்றிய லாரி அந்த எழுபது வளைவையும் எப்படி இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி. இடம் அடுத்த ஆளுக்குப் போயிருந்தது. அங்கிருந்த கிளார்க் நல்ல மனுஷன் போல. ரொம்ப வருத்தப்பட்டாராம்.

"ஏம்மா, பேப்பர் இல்லாட்டி என்ன, ஆள் வந்து நின்னிருந்தாப் போதுமே. நம்பரச் சொன்னா நாங்களே எடுத்து ஃபைல்ல வெச்சிருப்போமே" என்றாராம்.

அப்படியானால் அச்செடுத்துக்கொண்டு வரவும் என்று எதற்குப் போட்டார்கள் என்று நான் நாலு நாள் ஊரெல்லாம் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். கத்துகிற வரை என் பங்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்த சின்னராசு என் வாசலில் நின்று சொன்னது வேறு. "பரவாயில்லீங்க தம்பி. நீங்களும் காத்தாலருந்து சோறு தண்ணியில்லாம எங்களுக்காவத்தான பாத்தீங்க." அவர் குத்திக்காட்ட வேண்டுமென்றே சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் மனசாரத்தான் சொன்னார். மேடத்துக்குக் கொண்டுபோன வாழைப்பழத்தை என் வீட்டுப் படியில் வைத்துவிட்டுப் போனார். என்னால் அதைத் தின்ன முடியவில்லை.

அடுத்த வருஷம் மறுபடி எழுதிப் போடச் சொன்னேன். ஒருக்கா அலைந்தது போதும் என்றார் சின்னராசு. பூங்கொடியைக் காரவள்ளிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகையைச் சேந்தமங்கலத்தில் அடித்தார்கள். பார்த்தபோது சுருக்கென்றது. அந்தச் சுருக்குக்கு எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது.

போன வருஷம் மல்லிகாவுக்குப் பித்தப்பையில் கல் என்று கீழே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். வராண்டாவைத் துடைத்துக்கொண்டு வந்த நீலப் புடவைக்காரி என்னைப் பார்த்து நிமிர்ந்தாள். "அண்ணா, நீங்களா? யாருக்குங்க மேலுக்கு முடியல?" பூங்கொடி. ஆறு வருஷமாக அங்கே துடைக்கிற வேலையாம். வேலை முடிந்ததும் வந்து மல்லிகாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்படி ஒருக்களித்து எழ வேண்டும், இருமல் வந்தால் வயிற்றோடு தலையணையை எப்படி அணைத்துக்கொள்ள வேண்டும் என்று செய்து காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து வந்த நர்சம்மாவும் அதையேதான் சொன்னார்.

காப்பீட்டுக்காக நான் ஒரு கட்டுக் காகிதம் எடுத்து வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல். பூங்கொடி அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்குங்ண்ணா சொமக்கறீங்க? போன்ல இருக்கறதக் காட்டுங்க, போதும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்றைய நாளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூடியைத் திறந்து பார்த்ததாகப் பாறை மேல் சொன்ன பொய்யை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டாள். போகட்டும் என்று நான் விட்டதுதான் நிஜம்.

இப்போது எங்கள் பக்கம் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. பட்டா அதில் வருகிறது, ரேஷன் அதில் வருகிறது, காதுகுத்துக்கு அழைப்பும் அதில்தான். பிரிண்டர்காரர் ஊடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு பேப்பர் எடுக்கோணும் என்று யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. அது இல்லாமல் வீடு கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் என் வாயிலிருந்து வரும் இரண்டு நிமிஷத்தை நம்பி, கையெட்டும் தூரத்தில் இருக்கும் பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க, இந்த மலையில் இன்று ஒருவரும் இல்லை. அந்த மட்டில் ஊருக்கு நல்லது நடந்திருக்கிறது.